துறையின் குறுக்கே ஒரு தோணி

வாருங்கள். மேடையில் பெண்ணுரிமை பேசிக் கைதட்டல் வாங்கியவர்களே, அந்தக் கைதட்டலில் கலந்துகொண்டு வீடு திரும்பியவர்களே, இந்தத் துறையடியில் சற்று நின்று உங்கள் சொந்தக் கண்ணால் இதைப் பாருங்கள். தன்னாமுனைக்கு அப்பால் வாவி வளைந்து உள்ளே நுழையும் இடத்தில் ஒரு சிற்றூர். மாலை வெயில் நீரில் சரிகிறது. பலகைத் துறையின் நுனியில் பழைய பள்ளிக்கூட ரீசேட் அணிந்து பத்தொன்பது வயது நிலானி நிற்கிறாள். அவளுக்கு முன்னே, ஆழ்ந்த நீருக்குச் செல்லும் ஒரே வழியை அடைத்து, இரண்டு கம்புகளுக்கிடையே ஒரு தோணியைக் குறுக்காகக் கட்டியிருக்கிறார்கள். அதை அங்கே கட்டியது மீன் பிடிப்பதற்காக அல்ல. ஒரு பெண் நீந்திவிடக் கூடாது என்பதற்காக.

நிலானி கடற்படையில் சேர விரும்புகிறாள். அந்த ஊரில் பையன்களின் கனவு கட்டாருக்கு வேலைக்குப் போவது. பெண்களுக்கு ஆடைத் தொழிற்சாலை பஸ், அதுவும் தாலி ஏறும்வரை. இவள் ஆசைக்கு வேர் வேறு. அவளுடைய தாய் ஜூலியின் அண்ணன் றொனால்ட்டைப் போர்க்காலத்தில் ஒரு காலையில் சீருடை அணிந்தவர்கள் ஏற்றிச் சென்றார்கள். அவன் திரும்பவில்லை. சிறுமியாக இருந்த ஜூலி முகாம் வாசலில் நின்று கதறினாள். அவள் பேசிய தமிழ் அங்கே நின்ற எவருக்கும் விளங்கவில்லை. அவர்கள் அதட்டிய மொழி அவளுக்கு விளங்கவில்லை. அந்த வாசலிலிருந்து ஜூலி ஒரு முடிவோடு திரும்பினாள்: அந்த உடுப்பு தன் வீட்டுப் படியை மிதிக்கக் கூடாது. அதே கதையைக் கேட்டு வளர்ந்த மகளோ நேர் எதிரான முடிவுக்கு வந்தாள்.

“என்ட அண்ணன ஏத்திக்கொண்டு போன உடுப்பு. அதப் போட்டுக்கொண்டு என்ட வாசலால வருவியா நீ?” என்று ஜூலி கேட்டிருந்தாள்.

“அண்டைக்கு அந்தக் கேற்றடியில தமிழ் விளங்குற ஒரு பொம்புள நிண்டிருந்தா உங்களுக்கு ஒரு மறுமொழியாவது கிடைச்சிருக்கும் அம்மா. நான் அந்த இடத்திலதான் போய் நிக்கப் போறன்.”

“நிண்டு? அவங்க சொல்லித் தாறதத்தானே நீயும் சொல்லுவாய்?”

நிலானி சொன்னாள்: “தெரியாம்மா. ஆனா வந்து அழுறவள நான் திரும்பிப் பாப்பன்.”

அந்த வீட்டில் இந்த வழக்கு இன்னும் தீரவில்லை. தீராத வழக்கோடுதான் அவள் கல்லடிக் கடற்கரை மணலில் ஓடிப் பழகினாள், தேர்வுக்குப் போனாள். ஓட்டத்திலும் எழுத்திலும் தேறினாள். தோற்றது நீச்சலில். வாவிக்கரையில் பிறந்தவளா நீச்சலில் தோற்றாள் என்று வியக்காதீர்கள். வாவிக்கரையில் பிறந்ததால்தான் தோற்றாள். இடுப்பளவு நீரில் இறங்கிக் கையால் தடவி இறால் பிடிக்கும் பெண்களோடு வளர்ந்தவள் அவள். அங்கே நாலு முறை கைவீசினால் கால் தானாகக் கீழே இறங்கிச் சேற்றைத் தொட்டுப் பார்க்கும். குழி எங்கே, காலைக் கிழிக்கும் சிப்பி எங்கே என்று அறிந்துகொள்ளும் வழக்கம் அது, அச்சமல்ல. தேர்வு நடந்த நீச்சல் தடாகத்தில், எல்லோருக்கும் முன்னே போய்க்கொண்டிருந்தவளின் கால், ஆழம் குறைந்த முனையில் அவளைக் கேளாமலே இறங்கித் தரையில் ஊன்றியது. விசில் ஊதினார்கள். தரையில் கால் பட்டவருக்கு அன்றைய தேர்வு அத்தோடு முடிந்தது. தமிழ் தெரிந்த அலுவலர் ஒருவர், “அடுத்த ஆட்சேர்ப்புக்கு வாங்க. கால் எட்டாத தண்ணியில பழகிக்கொண்டு வாங்க,” என்றார்.

கால் எட்டாத தண்ணீர் அந்த ஊரில் ஒரே இடத்தில்தான் உண்டு, இந்தத் துறைக்கு அப்பால். பையன்கள் நாள்தோறும் தலைகீழாகக் குதிக்கும் இடம். பெண்களுக்கு விலக்கப்பட்ட இடம்.

“பொம்புளப் புள்ளைகள் துறையில இறங்கினா மீன்பாடு போயிரும் மனே, வலையில ஒண்டும் விழாது,” என்றார் துறையடியில் நின்ற மீனவர் சங்கத் தலைவர் ஜெயராஜா. குரலில் கோபமில்லை, தகப்பனின் கனிவே இருந்தது. “நான் போட்ட சட்டமில்ல. நம்மட அப்பன்மார் காலத்துச் சட்டம்.”

“இறால் தடவுற பொம்புளைகள் இறங்குறது வேற வாவியா மாமா?”

“அது கரையோரத்துத் தண்ணி. இது தொழில் நடக்குற தண்ணி.”

தோணியின் விளிம்பில் குந்தியிருந்த இளைஞன் அன்ரோ சிரித்தான். “விடுங்க மாமா. புள்ள அட்மிரல் ஆகப்போகுது. நாளைக்கு நம்மட தோணியெல்லாம் அவவுக்குச் சல்யூட் அடிக்கணும்.”

“சல்யூட் வேணாம் அன்ரோ, நீ இருக்கிற தோணிய அவிழ்த்து விட்டாப் போதும்,” என்றாள் நிலானி. “நீயும் ரெண்டு தரம் ஆமியில சேரப் போய் ஓட்டத்தில விழுந்தனிதானே? உனக்கு ரோட்டில ஆராவது தோணி போட்டு மறிச்சவங்களா?”

சுற்றி நின்றவர்களின் சிரிப்பு இப்போது அன்ரோவின் பக்கம் திரும்பியது.

இங்கேதான் அநீதியின் முகத்தை நீங்கள் காண வேண்டும். அந்தச் சீருடையை வேண்டாம் என்பதற்கு இந்த மண்ணில் காரணங்கள் உண்டு. நேர்மையாகச் சொன்னால் அவற்றை மதித்துக் கேட்கலாம். ஆனால் அன்ரோ புறப்பட்ட நாளில் இதே சங்கம் அவனுக்கு வழிச்செலவு கொடுத்தது, கோயிலில் மெழுகுதிரி கொளுத்தியது. அன்று எவருக்கும் றொனால்ட் நினைவுக்கு வரவில்லை. ஒரு பெண் புறப்பட்டதும் அவன் பெயரையும் எடுத்து வந்தார்கள், மீன்பாட்டையும் துணைக்கு அழைத்தார்கள்!

அப்போது ஜூலி வந்தாள். ஜெயராஜாவின் முகம் தெளிந்தது. “நல்ல நேரத்தில வந்தாய்கா ஜூலி. றொனால்ட்ட நினைச்செண்டாலும் புள்ளைய வீட்ட கூட்டிக்கொண்டு போ.”

ஜூலி அவரை ஏறிட்டுப் பார்த்தாள். “நான் கேற்றடியில அழுதுகொண்டு நிண்ட நேரம் நீங்களெல்லாம் கதவப் பூட்டிக்கொண்டு இருந்தீங்க. பயம். அதுக்கு நான் ஒருத்தரையும் ஏசல்ல. ஆனா இப்ப என்ட அண்ணன்ட பேர எடுத்து இந்தத் தோணியில கட்டாதீங்க.”

“அப்ப அந்த உடுப்பு உனக்குச் சம்மதமா?”

“சம்மதமில்ல. அது எனக்கும் என்ட புள்ளைக்கும் உள்ள வழக்கு; வீட்டில வச்சுப் பேசிக்கொள்ளுவம். இந்தத் தண்ணி ஆருட சொத்து, அண்ணே? அதச் சொல்லுங்க.”

ஜூலி சேலையை முழங்கால்வரை செருகிக்கொண்டு நீரில் இறங்கினாள். மார்பளவு நீரில் நின்று நனைந்து இறுகிய கயிற்று முடிச்சைப் பல்லால் கடித்து இளக்கினாள். அன்ரோ தோணியிலிருந்து எழுந்து, யார் முகத்தையும் பாராமல், துறைப் பலகையில் ஏறிக்கொண்டான். கயிற்றைத் தோளில் போட்டுத் தாய் இழுத்தாள். தோணி அசைய மறுத்தது. பிறகு முனகிக்கொண்டு திரும்பியது. ஓர் ஆள் நுழையும் இடைவெளி கிடைத்தது. நிலானி பாய்ந்தாள்.

“நாளைக்கும் கட்டுவம் ஜூலி,” என்றார் ஜெயராஜா.

“நாளைக்கும் அவிழ்ப்பன்.”

காற்று தோணியை மீண்டும் வழிக்குத் தள்ளுகிறது. கயிறு அந்தத் தாயின் தோளை அறுக்கிறது. பின்னோக்கிச் சாய்ந்து, பற்களைக் கடித்துக்கொண்டு, பிடியை விடாமல் நிற்கிறாள். மகளின் தலை நடுவாவியில் ஒரு கரும்புள்ளி. கரையில் நிற்கும் ஆண்கள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். நீங்களும் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். உங்களை நான் அழைத்தது பார்ப்பதற்கு மட்டுமல்ல. அந்தக் கயிற்றில் இன்னும் பல கைகளுக்கு இடமிருக்கிறது. செருப்பைக் கழற்றுங்கள். இறங்குங்கள். பிடியுங்கள்!