மூன்று கல்லுக்கும் ஈரம்

ஆகஸ்டு முதல் தேதி கல் புரட்டுகிற விஷயத்தில் கிந்தீனிடம் யாரும் வாய்கொடுத்து ஜெயிக்க முடியாது. ஆகஸ்டில் குளிர் கடிக்கிற அந்த மலைமேட்டு ஏரிக்கரை ஊர் முழுக்க அந்த வழக்கம் உண்டுதான். ஆனால் அவனுக்கு அது ஒரு படி கூடுதல். மேட்டு வயலின் தலைமாட்டில் மூன்று கற்கள் கிடக்கின்றன. விடியலில் அவற்றைப் புரட்டிப் பார்ப்பான். முதல் கல்லின் அடியில் ஈரம் இருந்தால் உருளைக்கிழங்கை முன்பட்டத்தில் நட வேண்டும். நடுக்கல் என்றால் நடுப்பட்டம். கடைசிக் கல் என்றால் பின்பட்டம். பூமித்தாய் சொல்லிவிட்டால் அப்புறம் மறுபேச்சு கிடையாது.

போன வருடம் முதல் கல்லில் ஈரம் இருந்தது. இருந்த விதையை எல்லாம் முன்பட்டத்திலேயே நட்டுவிட்டான். பூக்கிற நேரத்தில் உறைபனி விழுந்து, செடியெல்லாம் வெந்த கீரை மாதிரி கறுத்துச் சாய்ந்தது.

மிஞ்சியது மூன்று மூட்டை விதை. அதுவும் போனால் கிந்தீன் மலை உச்சியில் இருக்கிற தங்கச் சுரங்கத்துக்கு வேலைக்குப் போக வேண்டியதுதான். முன்பு ஒருமுறை போனவன், இரண்டு வருடம் கழித்து ஓர் இருமலோடு திரும்பி வந்தான். அந்த இருமல் இன்றைக்கும் மனைவி பசிலியாவின் பக்கத்தில்தான் படுத்து எழுகிறது. கிழங்கு போனால் போகட்டும், கட்டின மனுஷன் போகக் கூடாது. அவள் கவலை அவ்வளவுதான்.

கல் புரட்டுவதற்கு முந்தின நாள் மதியம் இருவரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ரேடியோவில் வானிலை சொன்னார்கள்.

"இந்த வருஷம் மழை குறைய பத்துக்கு ஆறு பங்கு வாய்ப்பாம்," என்றாள் பசிலியா.

"குறையுமா, குறையாதா?"

"குறையலாம்."

"அப்ப அவனுக்குத் தெரியுமா, தெரியாதா?"

"தெரியாதுதான். ஆனா எவ்வளவு தெரியாதுன்னு அளந்து சொல்றான்ல? உன் கல்லு அதைக்கூடச் சொல்லாது."

"கல்லை வம்புக்கு இழுக்காதே புள்ள."

"இழுக்கலய்யா. மூணு மூட்டையை மூணு பட்டத்துக்குப் பிரிப்போம். ஒண்ணு மேட்டுல, ஒண்ணு சமவெளியில, ஒண்ணு ஏரிக்கரையில. பனி வந்தா மேடு தப்பும், மழை பொய்ச்சா கரை தப்பும். எதோ ஒண்ணு நிக்கும்ல?"

"ஆத்துல ஒரு கால், சேத்துல ஒரு காலா? எங்கப்பன் இருந்தா சிரிப்பான்."

"உங்கப்பன் காலத்துல பனிக்கு ஒரு ஒழுங்கு இருந்துச்சு. இப்ப எப்ப வரணும்னு அந்தப் பனிக்கே தெரியல."

அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிப்போடு இருமலும் வந்தது. ஆனாலும் தலையை மட்டும் ஆட்டவில்லை.

அன்று பொழுது சாயும்போது, ஆட்டை ஓட்டி வருகிற சாக்கில் பசிலியா மேட்டு வயலுக்குப் போனாள். முதுகுத் துணிக்குள் ஒரு குடுவைத் தண்ணீர். ஒரு கல்லை நனைத்தால் ஒரு நடவு. மூன்றையும் நனைத்தால் மூன்று நடவு. கல் சொன்னால் மறுபேச்சில்லை என்பவன் அவன்தானே! "அம்மா, உன் வாயால நான் பேசிக்கிறேன், கோவிச்சுக்காதே," என்று பூமித்தாய்க்கு மூன்று கோகா இலையை வைத்துவிட்டு வந்தாள். இந்தக் குளிரில் தண்ணீர் என்ன ஆகும் என்பது அவளுக்குத் தெரியாததா? வருஷா வருஷம் கிழங்கை வெட்டவெளியில் பரப்பி உறையவைத்துக் காயவைக்கிறவள். பயம் வந்துவிட்டால் கைவந்த பாடமும் மறந்துபோகும் போல.

விடியலில் பசிலியா பக்கத்தில் நிற்க, கிந்தீன் தொப்பியைக் கழற்றிவிட்டு முதல் கல்லைப் புரட்டினான். அடியில் தட்டு மாதிரி பனிக்கட்டி. நடுக்கல்லைப் புரட்டினான். அங்கேயும் பனிக்கட்டி. மூன்றாவதையும் புரட்டி, அதில் ஒட்டியிருந்த கட்டியைப் பெயர்த்து வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தான். உள்ளே கஞ்சிக்குப் போடுகிற கீன்வா தானியத்தில் ஒரு பருக்கை உறைந்து கிடந்தது.

"பூமித்தாய் நம்ம வீட்டுக் கஞ்சிக் குடுவையிலதான் தண்ணி மோந்தாளோ?"

பசிலியா முகத்தில் ஈயாடவில்லை.

"கல்லையா ஏமாத்துன? என்னை ஏமாத்து, பொறுத்துக்கறேன். கல்லையா?"

"உன்னை ஏமாத்த முடியல, அதான் கல்லு!" என்றவள் அப்படியே அழுதுவிட்டாள். "நீ இல்லாம இன்னொரு ரெண்டு வருஷம் என்னால முடியாதுய்யா. உன் இருமல் கேக்கலைன்னா எனக்குத் தூக்கமே வராது. மூச்சு இருக்கான்னு தொட்டுப் பார்க்க நீ பக்கத்துல வேணும்."

ஒரு கத்து கத்துவான் என்றுதான் எதிர்பார்த்தாள். கிந்தீனுக்குக் கோபம் எப்போதும் மூக்கு நுனியில் இருக்கும். ஆனால் அவன் குந்தி உட்கார்ந்து, மூன்று குழியையும் விரலால் கிளறிப் பார்த்தான். கிளறக் கிளற எல்லாம் ஒரே சேறும் பனிக்கட்டியும்தான்.

"இனிமே எது உன் ஈரம், எது அவ ஈரம்னு யாரு கண்டா? இந்த வருஷம் எனக்கு ஒண்ணுமே தெரியாமப் பண்ணிட்டியே, பாவி."

"போன வருஷமும் தெரியலய்யா. தெரியும்னு நெனச்சு நட்டோம்."

கறுத்துச் சாய்ந்த அந்தச் செடிகள்தான் அவன் கண்ணில் நின்றிருக்க வேண்டும். பிறகு கற்களை ஒவ்வொன்றாகப் பழைய இடத்தில் பதமாக வைத்தான். தொப்பியை எடுத்துப் போட்டுக்கொண்டான்.

"சரி. மூணாப் பிரிப்போம்."

பசிலியா மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"மூணும் போச்சுன்னா?" என்றான். இந்த முறை அது வம்புக் கேள்வி இல்லை. குரலில் நிஜமாகவே பயம் இருந்தது. போன தடவை சுரங்கத்துக்குக் கிளம்பின அன்றுகூட அவன் காட்டாத பயம்.

"அப்ப நானும் வர்றேன். அங்க இருக்கறவங்களுக்குச் சோறாக்கிப் போடறேன். தனியா அனுப்பினது ஒரு தடவை போதும்."

"அங்க குளிர் எலும்பைப் பிளக்கும் புள்ள."

"இங்க மட்டும் வேகுதாக்கும்."

கிந்தீன் அவளுடைய விறைத்த கைகளை இழுத்துத் தன் கம்பளிக்குள் வைத்துக்கொண்டான். வேண்டாம், நீ வராதே என்று அவன் சொல்லவில்லை.