மெத்தைக்கு அடியில் மாத்திரை

மூட்டை தூக்கிப் பிழைத்தவருக்கு, நெஞ்சைப் பிளந்து ஆபரேஷன் செய்து வீட்டுக்கு வந்ததிலிருந்து இருமல் என்றாலே குலை நடுங்கியது. தொண்டையில் சளி கரகரத்தது. இருமினால் தையல் தெறித்துவிடும் என்று பயந்து, மூச்சைக்கூடக் கஞ்சத்தனமாகத்தான் இழுத்தார்.

மனைவி வலி மாத்திரை கொடுத்தால் வாயில் போட்டுக்கொள்வார். அவள் அந்தப் பக்கம் திரும்பியதும் துப்பி மெத்தைக்கு அடியில் தள்ளிவிடுவார். இன்று அவள் விரிப்பை மாற்றும்போது அத்தனையும் தரையில் உருண்டன.

"என்னங்க இது, அடைகாக்குறீங்களா?" என்று கேட்டபடி அவள் குனிந்து பொறுக்கினாள்.

"இடுப்பு வலிச்சாத்தான மூட்டையை இறக்கணும்னு தெரியும்? வலியை அமுக்கிட்டா, உள்ள ஏதாவது பிச்சுக்கிட்டா எனக்கு எப்படித் தெரியும்?"

அவள் ஆஸ்பத்திரி நர்ஸுக்குப் போன் போட்டு விஷயத்தைச் சொல்லி, போனைக் கணவரின் காதருகே பிடித்தாள்.

"வலியோட இருந்தா நீங்க இருமவே மாட்டீங்க. இருமலேன்னா சளி கட்டிக் காய்ச்சல்ல கொண்டுபோய் விட்டுடும். மாத்திரையைப் போட்டுட்டு, தலையணையை நெஞ்சோட இறுக்கிப் பிடிச்சு இருமுங்க. அதுக்கு மேலயும் வலி கூடுனா உடனே எங்களக் கூப்பிடுங்க."

அவர் மாத்திரையை விழுங்கினார். வலி சற்று மட்டுப்பட்டதும் தலையணையைக் கட்டிப்பிடித்தார்.

"நீயும் பிடிச்சுக்க."

அவர் கைகளின் மேல் அவள் தன் கைகளை வைத்து அழுத்தினாள். இருவரும் கண்களை மூடிக்கொண்டார்கள். அவர் இருமினார்.

முதலில் கண்ணைத் திறந்தவள், சட்டையை விலக்கித் தையலைப் பார்த்தாள்.

"அப்படியேதான் இருக்கு," என்றாள். "இன்னொரு தடவை இருமுங்க."