இரண்டிலிருந்து நாலு வரை

அரிசி டிரம்மை இரண்டு கையாலும் அணைத்துத் தரையோடு தரையாக நகர்த்திக்கொண்டிருந்தார் அய்யாத்துரை. உதவிக்கு வந்த இரண்டு பேரையும் தலையை அசைத்து விலக்கிவிட்டார். டிரம்மில் பத்துக் கிலோ அரிசிகூட இருக்காது. ஆனாலும் அவருக்கு மூச்சு வாங்கியது.

"விடுங்கண்ணே, பயலுவ பாத்துக்கிடுவானுவ," என்றாள் பக்கத்து வீட்டு விஜயராணி.

"ஆச்சு தாயி, இந்தா ஆச்சு."

பத்துக்குப் பன்னிரண்டு அடி அறை. தெற்கே தலை வைத்துக் கிடத்த வேண்டுமானால் அந்த மூலையை விட்டால் வேறு இடம் இல்லை. அந்த மூலையில், அந்த டிரம்மில் சாய்ந்து உட்கார்ந்துதான் அவர் மனைவி முத்துமாரி இருபத்தெட்டு வருஷம் எழுதினாள். டிரம்மின் பச்சைப் பெயின்ட் ஒரு முதுகின் அகலத்துக்கு உரிந்து தகரம் தெரிந்தது. அந்தப் பக்கத்தைச் சுவரைப் பார்த்துத் திருப்பி வைத்துவிட்டு நிமிர்ந்தார். நாலு பெண்கள் சேர்ந்து அவளைத் தூக்கிவந்து கிடத்தினார்கள்.

காலை ஆறே முக்காலுக்கு அவர் கஞ்சியை ஆற்றிக்கொண்டு திரும்பியபோது அவளுக்கு மூச்சு இல்லை. ஒரே மகன் மகேஷ்குமார் ஆபீஸ் வேலையாகப் பெங்களூர் போயிருந்தான். போனில் விஷயத்தைக் கேட்டுவிட்டு, "மூணு மணிக்குள்ள வந்துருவேன்," என்று மட்டும் சொன்னான். அவன் வந்து நீர்மாலைத் தண்ணீர் எடுத்த பிறகுதான் அவளைக் குளிப்பாட்ட வேண்டும். ஐந்து மணிக்குச் சயான் மயானத்தில் எரிப்பது என்று பேசியிருந்தார்கள்.

சந்தில் நாற்காலிகள் போட்டார்கள். வந்தவர்களில் பாதிப் பேருக்கு முத்துமாரியை மாட்டுங்காவில் ஒரு பள்ளிக்கூடக் கேன்டீனில் சமைத்தவளாகத்தான் தெரியும். அவள் ஐந்து புத்தகம் எழுதியவள் என்பது தெரியாது. புத்தகங்கள் சென்னையில் அச்சாகிப் பார்சலில் வரும். தாராவியில் தமிழ் பேசுகிற வீடு எத்தனையோ உண்டு, வாசிக்கிற வீடு குறைவு. அவளும் யாரிடமும் சொல்லிக்கொண்டதில்லை. அய்யாத்துரை மட்டும் ஒவ்வொரு புத்தகத்தையும், எழுத்தின் கீழே விரலை ஓட்டி, மூன்று நாலு மாசம் எடுத்துப் படிப்பார். லேடீஸ் கம்பார்ட்மென்டில் கீரை ஆய்ந்துகொண்டே வீட்டுக்குப் போகும் பெண்களும், ஊருக்குப் போக டிக்கெட் எடுத்துவிட்டு ஸ்டேஷனிலிருந்தே திரும்பிவிடும் கிழவனும் அதில் இருப்பார்கள். தினம் தானும் பார்க்கிற ஆட்கள்தான். ஆனால் அவள் எழுதிக் காட்டின பிறகுதான் அவர்களை முதல்முறையாகப் பார்த்தது போல அவருக்கு இருக்கும். நம்மோடு ஒரே தட்டில் சாப்பிடுகிறவளுக்கு இதெல்லாம் எந்தக் கண்ணில் படுகிறது என்று அசந்துபோவார். அவளிடம் அதைச் சொன்னதில்லை.

அவர் பஸ் டிப்போவில் மெக்கானிக்காக இருந்தவர். முதல் ஷிப்ட் முடிந்து ஒன்றரைக்கு வீட்டுக்கு வருவார். அவளும் அதே நேரம் கேன்டீனிலிருந்து வருவாள். மகனுக்கு ஸ்கூல் விட்டு டியூஷனும் முடிய நாலரை ஆகிவிடும். இந்த வீட்டுக்கு வந்த புதிதில் அவர் சாப்பிட்டுவிட்டு அங்கேயே படுத்துத் தூங்குவார். அவள் நோட்டை எடுப்பாள், வைப்பாள். ஒருநாள் ஸ்பேனர் வாங்கப் போனவர் நாலு மணிக்குத் திரும்பியபோது, அவள் முகம் காய்ச்சல் விட்டுத் தலைக்கு ஊற்றின முகம்போல அவ்வளவு தெளிவாக இருந்தது. மடியில் பரீட்சை அட்டை, அதன்மேல் நிறைய எழுதின தாள்.

மறுநாள் சாப்பிட்டுக் கை கழுவியதும், "வெளிய போயிட்டு வாறேன்," என்றார். அவள் நிமிர்ந்து ஒரு பார்வை பார்த்தாள். அவ்வளவுதான். அதற்கப்புறம் இருபத்தெட்டு வருஷமும் இரண்டு மணிக்கு அவர் வெளியே போனார், நாலு மணிக்கு வந்தார். வெயில் என்றால் சயான் ஸ்டேஷன் பாலத்தின் நிழல், மழை என்றால் கரீம் பாட்சாவின் கார்கானா. டிப்போவிலிருந்து ஓய்வு பெற்ற பிறகும் அப்படித்தான்.

கார்கானா அவர்கள் அறைக்கு நேர் மேலே இருந்தது. ஸ்கூல் பேக் தைக்கிற பன்னிரண்டு மிஷின்கள். ஓட ஆரம்பித்தால் கீழே தம்ளரில் இருக்கிற தண்ணீர் நடுங்கும். வீடு பார்க்க வந்த அன்று அய்யாத்துரை இது வேண்டாம் என்றார். அவள்தான் பிடிவாதமாக இதையே எடுக்கச் சொன்னாள். தரையைத் துடைத்து, பால் இல்லாமல் ஒரு டீ போட்டுப் பக்கத்தில் வைத்து, டிரம்மில் சாய்ந்து கண்ணை மூடிக்கொள்வாள். மேலே மதியச் சாப்பாடு முடிந்து மிஷின்கள் ஒவ்வொன்றாகக் கிளம்பும். பன்னிரண்டும் சேர்ந்து ஒரே சத்தமானதும் கண்ணைத் திறந்து பேனாவை எடுப்பாள். ஒருமுறை கரண்ட் போய் மிஷின்கள் நின்றபோது, இரும்பு ஏணியில் ஏறிப்போய்த் தலையை நீட்டி, "என்ன பாய் நிப்பாட்டிட்டீய? ஒரு பொம்பள பாதி வழியில நிக்கா," என்று கேட்டாளாம். யாரோ நிஜமாகவே வழியில் நிற்கிறாள் என்று நினைத்து கரீம் பாட்சா பயந்துபோய் இறங்கி வந்தார்.

போன அக்டோபரில் இருதயம் பலவீனமாகி அவளுக்குக் கால் வீங்கிவிட்டது. மகேஷ்குமார் ஆஸ்பத்திரியிலிருந்து நேராகச் செம்பூரில் பதினேழாவது மாடியில் இருந்த தன் பிளாட்டுக்குக் கூட்டிப்போனான். நல்ல பிள்ளை. அம்மா எழுதுவாள் என்று ஜன்னலோரம் மேஜை, சுழலுகிற நாற்காலி, தலைக்கு மேலே விளக்கு எல்லாம் வாங்கிப் போட்டான். எழுதிக்கொண்டிருந்த நாவலில் கடைசி அத்தியாயம் மட்டும்தான் பாக்கி. தினமும் இரண்டு மணிக்கு அவள் மேஜைக்குப் போனாள். அய்யாத்துரை லிப்டில் இறங்கிப் போய் வாட்ச்மேனோடு உட்கார்ந்திருந்தார். திரும்பி வரும்போது அவள் முகத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

நாற்பது நாள் கழித்து அவள் கேட்டாள். "என்னைய வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறீயளா?"

"இங்க என்ன குறை உனக்கு?"

"குறை ஒண்ணும் இல்ல. சத்தமே இல்ல. என் இருதயம் அடிக்கதுதான் கேக்குது. அதைக் கேட்டுக்கிட்டு என்னத்த எழுத?"

மகன் ஆபீஸ் போன நேரத்தில் டாக்ஸி பிடித்துக் கூட்டிவந்துவிட்டார். சாயங்காலம் மகேஷ்குமார் வாசலில் வந்து நின்றான். "அங்க பில்டிங்லயே டாக்டர் இருக்காரு. இங்க டாய்லெட்டே வெளியதான். சாகடிக்கவா அம்மாவ கூட்டிட்டு வந்தீங்க?" என்றான். "நாந்தாம்ல கூட்டிட்டு வரச் சொன்னேன்," என்றாள் முத்துமாரி. அவன் திரும்பிப் போய்விட்டான். மறுநாள் ஆக்சிஜன் மிஷினை ஆள் வைத்து அனுப்பினான். அப்பாவோடு பேசுவதை நிறுத்திக்கொண்டான்.

அவளால் குனிந்து தரையைத் துடைக்க முடியவில்லை. அவர் துடைத்தார். டீயும் அவரே போட்டார். இரண்டு மணிக்கு, "வெளிய போயிட்டு வாறேன்," என்று கிளம்பிக் கதவை ஒட்டிய படியிலேயே உட்கார்ந்தார். தூரமாய்ப் போகத் தைரியம் வரவில்லை. பத்தாவது நாள் அவர் செருப்பை மாட்டும்போது உள்ளேயிருந்து, "இன்னைக்குப் போக வேண்டாம். மழை வரும் போல இருக்கு," என்றாள். டிசம்பர் மாசத்து வெயில் சந்தில் விழுந்து கிடந்தது. அவர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து கதவோரம் உட்கார்ந்தார்.

அவள் எழுதுவதை அன்றைக்குத்தான் பார்த்தார். கண்ணை மூடி மேலே உள்ள சத்தத்தைக் கேட்டாள். உதடு அசைந்தது. பிறகு எழுதினாள், நிறுத்தினாள், யாரோ எதிரே நின்று பதில் சொல்வதைக் கேட்பதுபோலத் தலையைச் சாய்த்தாள், மறுபடி எழுதினாள். வீங்கின விரல்கள் அவ்வளவு வேகமாகப் போகும் என்று அவர் நினைக்கவில்லை. அவருக்குத் தும்மல் வந்தது. துண்டால் வாயைப் பொத்தி அடக்கினார். தாளிலிருந்து கண் எடுக்காமல் அவள், "தும்மிக்கிடுங்க," என்றாள். நாலு மணிக்குப் பேனாவை மூடினாள்.

"முடிஞ்சுது," என்றாள்.

அதற்கு மூன்றாம் நாள் காலையில்தான் கஞ்சி ஆறிக்கொண்டிருந்தது.

அய்யாத்துரை எழுந்தார். பெண்களின் அழுகை ஓய்ந்து ஊதுபத்திப் புகை மட்டும் அறைக்குள் நின்றது. "எங்கண்ணே போறீய?" என்று விஜயராணி கேட்டாள். "வெளிய போயிட்டு வாறேன்," என்றார். வாயிலிருந்து வந்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே தெரிந்தது. செருப்புப் போடாமல் இரும்பு ஏணியில் ஏறினார்.

கார்கானாவில் காலையிலிருந்து எதுவும் ஓடவில்லை. தையல்காரர்கள் மிஷின்களுக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். கரீம் பாட்சா பதறி எழுந்து வந்தார்.

"நீங்க ஏண்ணே ஏறி வந்தீய? ஆள் அனுப்பினா நான் வரமாட்டேனா?"

"மணி ரெண்டாயிட்டு பாய்."

"ஆமா."

"மிஷின சாலு பண்ணச் சொல்லுங்க."

கரீம் பாட்சா அவர் முகத்தையே பார்த்தார். "மவுத்தான வீட்டுக்கு மேல மிஷின் ஓட்டுனா சனங்க என்ன பேசும்?"

"பேசட்டும். நாலு மணி வரைக்கும் போதும்."

கரீம் பாட்சா சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு முதல் மிஷினில் தானே உட்கார்ந்தார். அவர் மிஷினில் உட்கார்ந்து வருஷக்கணக்காகிறது. "எல்லாரும் நூல் மாட்டுங்கப்பா. துணி வச்சுத் தைங்க. சும்மா ஓட்டுனா அக்காவுக்குத் தெரிஞ்சுபோவும்," என்றார். ஒன்று, இரண்டு, ஐந்து என்று சேர்ந்து பன்னிரண்டும் ஓடின.

கீழே விஜயராணி ஆத்திரமாக எழுந்தாள். "இது என்ன கூத்து? செத்த வீடுன்னு ஒரு இது வேண்டாமா?" கரீம் பாட்சாவின் மனைவி நஜ்முன்னிசா அவள் கையைப் பிடித்து உட்காரவைத்தாள். "இரு விஜயா. அவளுக்குத்தான் ஓடுது." தலைமாட்டில் சொம்புத் தண்ணீர் வட்டம் வட்டமாக நடுங்கியது.

மூன்று மணிக்குப் பெட்டியோடு சந்துக்குள் வந்த மகேஷ்குமாருக்கு முதலில் கேட்டது அந்தச் சத்தம்தான். ஏணிக்குக் கீழே நின்ற அப்பாவிடம் பன்னிரண்டு நாளைக்குப் பிறகு பேசினான்.

"என்ன இது? பந்த் பண்ணச் சொல்லுங்க."

"நாலு மணிக்கு நிப்பாட்டிருவாவ."

"அப்பா, உள்ள அம்மா கிடக்காங்க."

"ஆமா," என்றார் அய்யாத்துரை.

அவன் பெட்டியைப் போட்டுவிட்டு உள்ளே போனான். ஒரு மணி நேரம் அம்மாவின் தலைமாட்டில் அந்தச் சத்தத்தின் அடியில் உட்கார்ந்திருந்தான். மேலே ஏறிப்போய்ச் சண்டை போடவில்லை. நாலு மணிக்கு மிஷின்கள் நின்றன. தெருக்குழாயிலிருந்து நீர்மாலை எடுத்துவந்தான். ஐந்தரைக்கு மயானத்தில் எல்லாம் முடிந்தது.

திரும்பி வரும்போது தொண்ணூறடி ரோட்டில் நடந்துகொண்டே சொன்னான். "செம்பூர்லயே இருந்திருந்தா இன்னும் ஆறு மாசம் இருந்திருப்பாங்க. டாக்டர் சொன்னாரு."

அய்யாத்துரை ஈரத் துண்டை ஒரு தோளிலிருந்து மறு தோளுக்கு மாற்றினார்.

"ஆமா. இருந்திருப்பா," என்றார்.

மறுநாள் சாம்பல் கரைத்துவிட்டு வந்து இருவரும் அந்த அறையில் உட்கார்ந்தார்கள். செய்ய ஒன்றுமில்லை. மகேஷ்குமார் அலமாரியில் இருந்த பிளாஸ்டிக் பையை இறக்கினான். உள்ளே தாள்கட்டு. அவனுக்குத் தமிழ் பேசத்தான் வரும், படித்ததெல்லாம் இங்கிலீஷும் இந்தியும். சும்மா புரட்டினான். ஒவ்வொரு தாளின் தலையிலும் அவள் தேதி போட்டிருந்தாள். அந்த எண்களை அவனால் படிக்க முடிந்தது.

புரட்டிக்கொண்டே வந்தவன் ஓரிடத்தில் மெதுவானான். நவம்பர் ஐந்து. தேதி மட்டும் இருந்தது, கீழே ஒன்றுமில்லை. நவம்பர் ஆறு, ஒன்றுமில்லை. ஏழு, எட்டு. ஒரு தாளில் ஒரு சொல்லை எழுதி அடித்திருந்தாள். மற்றதெல்லாம் வெள்ளை. டிசம்பர் பதினாலு வரைக்கும் ஒவ்வொன்றாகப் புரட்டினான். பதினைந்தாம் தேதித் தாளில் எழுத்து கோணலாக ஆரம்பித்தது. பதினேழில் நேராகியது. இருபதில் ஓரத்தில்கூட இடம் விடாமல் நிறைந்து கிடந்தது. பழையபடி வெள்ளைத் தாள்களுக்குத் திரும்பிப் போய் முதலிலிருந்து பார்த்தான்.

"தினமும் அந்த டேபிள்ல உக்காந்திருக்காங்க," என்றான்.

"உக்காந்தா."

வெளியே குழாயில் தண்ணீர் வந்துவிட்டது. குடம் இழுபடும் சத்தம் கேட்டது. மகேஷ்குமார் டிசம்பர் பதினைந்தாம் தேதித் தாளை மட்டும் உருவி எடுத்து, சுவரில் சாய்ந்திருந்த அப்பாவுக்குப் பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்தான். முதல் வரியில் ஒரு எழுத்தின் கீழே விரலை வைத்தான்.

"இது மு-வா, ழ-வா?"

அய்யாத்துரை கண்ணாடியைத் தேடினார். அவனே அதை ஜன்னல் விளிம்பிலிருந்து எடுத்து, சட்டை நுனியில் துடைத்துக் கொடுத்தான்.

அவர் தாளை வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்தார். "ழ," என்றார்.

மகேஷ்குமார் விரலை அடுத்த எழுத்துக்கு நகர்த்தினான்.