அரை பிளேடு

காலை பதினொரு மணிக்குக் குளியலறைக் கதவைத் தாழ் போட்டுக்கொண்டு, லுங்கியைத் தூக்கிப் பிடித்து, செல்போன் வெளிச்சத்தில் மறுபடியும் எண்ணினேன். பதினொன்று. போன வாரம் ஆறுதான் இருந்தது. அடிவயிற்றுக்குக் கீழே, முடி எடுத்த இடத்தில், வெந்த ஜவ்வரிசி போலப் பளபளப்பாக நின்றன. ஒவ்வொன்றின் நடுவிலும் ஊசி முனையால் அழுத்தியது போலச் சிறு பள்ளம். வலி இல்லை, அரிப்பு இல்லை. வலித்திருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும். ஆணியில் தொங்கிய துண்டில் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்து தறிக்குழியில் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்தேன். முகூர்த்தப் புடவை ஒன்று பாதியில் நின்றது. யாரோ ஒரு பெண் யாரையோ நம்பிக் கழுத்தை நீட்டப்போகிற புடவை.

எனக்கு இது எப்படி வந்திருக்கும்? பிள்ளையார்பாளையத்தில் இந்த ஒரே வீட்டில் பன்னிரண்டு வருஷமாகத் தறியில் உட்கார்ந்திருக்கிறேன். தறியில் ஏற்றப் பாவு நூல் வாங்கப் போவேன், நெய்த சேலையைக் கொடுக்கப் போவேன், வந்துவிடுவேன். என் உடம்பு தொடுவது இரண்டைத்தான், தறியையும் என் மனைவி பிரவீனாவையும். தறி எனக்குத் துரோகம் செய்யாது. கணக்கு இவ்வளவு சுலபமாக முடிந்துவிட்டதே என்று வயிறு எரிந்தது.

பிரவீனா ஸ்ரீபெரும்புதூரில் ஒரு கம்பெனிக்கு வேலைக்குப் போகத் தொடங்கி இரண்டு வருஷம் ஆகிறது. விடிவதற்குள் தெருமுனையில் கம்பெனி பஸ் வந்து நிற்கும். கழுத்தில் அட்டையை மாட்டிக்கொண்டு ஓடுவாள். அங்கே அவளுக்கு மேலே பிரேம்நாத் என்று ஒருவன். ஆரம்பத்தில் தினமும் அவன் கதைதான். பிரேம்நாத் சார் இப்படிச் சொன்னார், அப்படிச் சிரிக்க வைத்தார் என்பாள். நான் தறியில் ஓடும் நாடாவை நிறுத்தாமல் கேட்டுக்கொண்டிருப்பேன். கொஞ்ச நாளில் அவளாகவே சொல்வதை நிறுத்திவிட்டாள். சொன்னபோது சொல்கிறாளே என்று எரிந்தேன். நிறுத்தியபோது ஏன் நிறுத்தினாள் என்று எரிந்தேன். ஆயுத பூஜைக்கு எல்லாரும் எடுத்துக்கொண்ட போட்டோ அவள் போனில் இருந்தது. அதை எனக்கு அனுப்பிக்கொண்டு, பிரேம்நாத்தின் முகத்தைப் பெரிதாக்கி, அவன் கழுத்திலாவது கையிலாவது ஜவ்வரிசி ஒன்று தெரிகிறதா என்று தேடினேன். நல்ல வழவழப்பான கழுத்து. அதுவும் எரிந்தது.

மருந்துக்கடையில் பெண் நின்றதால் படர்தாமரை என்று பொய் சொல்லி ஒரு களிம்பு வாங்கினேன். அதைப் பூசப் பூச ஆறு பதினொன்றானது. போனில் தேடியதில் வந்த படங்கள் ஒவ்வொன்றும் ஒரு கொலைக்குச் சமம். முதுகு வலிக்கிறது என்று சொல்லித் தறி பக்கத்தில் பாய் போட்டுப் படுக்க ஆரம்பித்தேன். பிரவீனா அதை நம்பித் தைலம் எடுத்து வந்து முதுகில் தேய்த்துவிட்டாள். தப்பு செய்தவளுக்குத்தான் இவ்வளவு கரிசனம் வரும் என்று நினைத்தபடி குப்புறப் படுத்திருந்தேன்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அதற்கு மேல் தாங்கவில்லை. வேலை முடிந்து வந்து டிபன் பாக்ஸைக் கழுவிக்கொண்டிருந்தாள். பின்னால் போய் நின்று சொன்னேன்.

"எனக்குக் கீழ கொப்புளம் கொப்புளமா வந்துக்கீது. அந்த பிரேம்நாத்துக்கும் இருக்குதான்னு கேட்டுனு வந்து சொல்லு."

தண்ணீர் கொட்டிக்கொண்டே இருந்தது. குழாயை மூடினாள். டப்பாவைத் தண்ணீர் வடியக் கவிழ்த்து வைத்தாள். என்னை ஒருமுறை பார்த்தாள். திட்டுவாள், அழுவாள், இரண்டில் எது செய்தாலும் பதில் வைத்திருந்தேன். அவள் எங்கள் மகள் தர்ஷினியைக் கூப்பிட்டு வீட்டுப்பாடம் எழுத உட்கார வைத்தாள். மறுநாள் காலை வழக்கம்போல பஸ்ஸுக்குப் போனாள். எனக்கும் சோறு கட்டி வைத்திருந்தாள்.

வாய் திறக்காதவளுக்கு எதிராக எனக்கு ஒரு சாட்சி வேண்டியிருந்தது. எழுதிக் கொடுக்க டாக்டர் ஒருவர் வேண்டும். உள்ளூரில் காட்டினால் ஊரே பேசும் என்று அன்றைக்கே வாலாஜாபாத் பஸ் ஏறினேன். தோல் டாக்டர் என்று பலகை பார்த்து உள்ளே போனால், இருந்தவர் ஒரு அம்மா. டாக்டர் ஸுபத்ரா. எழுந்து ஓடிவிடலாம் என்று பார்ப்பதற்குள் முத்துக்குமார் என்று என் பேரைக் கூப்பிட்டுவிட்டார்கள். ஆண் கம்பவுண்டர் ஒருவர் திரையை இழுத்துவிட்டுப் பக்கத்தில் நின்றார். டாக்டர் ஒரு சின்ன லென்ஸை வைத்துப் பார்த்தார். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

"பாலுண்ணி," என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. பாலுண்ணி எனக்குத் தெரியாதா? அது குழந்தைகளுக்குக் கழுத்தில் வருவது. பெரியவர்களுக்கும் வரும், இது ஒரு வைரஸ், தொட்டால் ஒட்டும், துண்டில் ஒட்டும், பிளேடில் ஒட்டும், புருஷன் பெண்டாட்டி உறவிலும் ஒட்டும் என்று அவர் சொல்லிக்கொண்டே போனார். கடைசியில் சொன்னதை மட்டும் நான் கப்பென்று பிடித்துக்கொண்டேன். அப்படியானால் பெண்ணிடமிருந்து வந்திருக்கலாமா என்று கேட்டேன்.

"வரலாம். உங்களுக்கு வேற யாரோடயாவது பழக்கம் இருக்கா?"

என்னைக் கேட்கிறார். வீட்டை விட்டு வெளியே போகாத என்னை! இல்லை என்று கத்தாத குறையாகச் சொன்னேன். அவர் நிமிரக்கூட இல்லை. எல்லாரிடமும் கேட்கிற கேள்விதான் என்று சொல்லிவிட்டு, எழுதிக்கொண்டே அடுத்ததைக் கேட்டார். வீட்டில் குழந்தைக்கு இருக்கிறதா?

இருந்தது. இரண்டு மாசத்துக்கு முன்னால் தர்ஷினி கழுத்தில் நாலு. எங்கள் தெருவில் அதற்கெல்லாம் டாக்டரிடம் போகமாட்டோம். பட்டு இழை ஒன்றை அடியில் இறுக்கி முடிந்துவிட்டால் நாலைந்து நாளில் கருகி விழுந்துவிடும். நான்தான் முடிந்தேன். அதைச் சொன்னதும் டாக்டர் பேனாவை வைத்தார்.

"நூலை எதால அறுத்தீங்க?"

அரை பிளேடால். புது பிளேடு வாங்கினால் நெய்கிறவன் எவனும் முழுசாக வைத்துக்கொள்ள மாட்டான். நீளவாக்கில் இரண்டாக ஒடித்து, ஒன்றை இழை அறுக்கத் துணி சுற்றும் படமரத்தில் செருகி வைப்பான், இன்னொன்று குளியலறைக்குப் போகும். அன்றைக்கு முடிச்சின் நுனியை நறுக்கும்போது குழந்தை கழுத்தை அசைத்துவிட்டாள். ஒன்றின் தலை சீவிப்போய்த் தயிர் போல ஏதோ வந்தது. பிளேடை லுங்கியில் துடைத்துச் செருகினேன். அந்த வெள்ளிக்கிழமை குளியலறையில் இருந்தது துருப்பிடித்திருந்ததால், தறியில் இருந்ததை எடுத்துப் போய்த்தான் கீழே மழித்தேன்.

இதையெல்லாம் நான் டாக்டரிடம் முழுசாகச் சொல்லவில்லை. என் முகத்தைப் பார்த்து அவரே புரிந்துகொண்டிருப்பார். எங்கிருந்து வந்தது என்று யாராலும் சத்தியம் செய்ய முடியாது, ஆனால் அந்த பிளேடைத்தான் முதலில் நினைக்கத் தோன்றுகிறது என்றார். பயப்பட ஒன்றுமில்லை, சில மாதங்களில் தானாகவே போகும், வேண்டுமானால் எடுத்தும் விடலாம். கிள்ளக்கூடாது, நூல் கட்டக்கூடாது, போகும்வரை அங்கே மழிக்கக்கூடாது, ஆளுக்கொரு துண்டு. எதற்கும் ஒரு ரத்தப் பரிசோதனை. அடுத்த முறை வீட்டில் இருப்பவர்களையும் அழைத்து வரச் சொன்னார்.

திரும்பும்போது ஜன்னலோரம் இடம் கிடைத்தது. சந்தோஷப்பட வேண்டிய ஆள் நான். சட்டைப்பையில் இருந்த டாக்டர் சீட்டைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டே, பிரவீனாவிடம் எந்த வார்த்தையில் தொடங்குவது என்று யோசித்ததில் ஊர் வந்ததே தெரியவில்லை.

சாயங்காலம் அவள் வந்ததும் சீட்டை நீட்டினேன். நூல், பிளேடு, துண்டு, எல்லாவற்றையும் சொன்னேன். தப்பாகப் பேசிவிட்டேன் என்பதையும் எப்படியோ சொன்னேன். அவள் சீட்டைப் படித்துவிட்டு, அறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினாள். சேலையை முழங்காலுக்கு மேலே தூக்கித் தொடையின் உள்பக்கத்தைக் காட்டினாள். மூன்று இருந்தன. அதே பளபளப்பு, நடுவில் அதே பள்ளம்.

"ஒரு மாசத்துக்கு மேல இருக்குது மாமா. இன்னான்னு தெரியாம பயந்துக்கினு தான் இருந்தேன். உன்னை ஒரு வார்த்தை கேட்டேனா?"

சேலையை இறக்கிவிட்டுக்கொண்டு போய்விட்டாள்.

எனக்கு வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் அந்த வெட்கத்துக்கு அடியிலிருந்து பழைய எரிச்சல் மெதுவாகத் தலை தூக்கியது. ஏன் கேட்கவில்லை? பகல் முழுக்கத் தனியாக இருக்கிறவன் நான். எதிர்வீட்டு லில்லி நூல் சுற்றிக் கொடுக்கத் தினமும் வந்து போகிறாள். ஒரு மாசமாகத் தன் தொடையைப் பார்த்துப் பயந்தவளுக்கு, என் மேல் ஒரு நாள்கூடச் சந்தேகம் வரவில்லையா? அது என் மேல் இருக்கிற நம்பிக்கையா, இல்லை நான் எவளோடு போனால் அவளுக்கென்ன என்பதா? இதைக் கேட்டால்தான் எனக்குத் தூக்கம் வரும். கேட்கிற வாயை நேற்றே கெடுத்துக்கொண்டேன்.

குளியலறையில் சத்தம் கேட்டது. பிரவீனா சுவரில் ஆணி அடித்துக்கொண்டிருந்தாள். அதுவரை எங்கள் மூன்று பேருக்கும் ஒரே துண்டு, ஒரே ஆணி. இப்போது மூன்று ஆணிகள். கதவோரம் தன்னுடையது, நடுவில் குழந்தையுடையது, கடைசியில் என்னுடையது. படமரத்தில் செருகியிருந்த அரை பிளேடையும் உருவிக் காகிதத்தில் மடித்துக் குப்பையில் போட்டாள்.

மறுநாள் விடியலில் தெருமுனையில் பஸ் ஹாரன் கேட்டது. செருப்புச் சத்தம் ஓடி மறைந்தது. நான் குளியலறைக்குப் போனேன். முதல் ஆணியில் அவள் துண்டு சரியாகப் பிழியாமல் சொட்டிக்கொண்டிருந்தது. பிழிந்து போடலாம் என்று கையை நீட்டினேன். டாக்டர் சொன்னது நினைவுக்கு வந்து, தொடாமல் கையை எடுத்துக்கொண்டேன்.