ராஜம் வராத மூன்று நாள்

சிறுசேரி அடுக்குமாடிக் குடியிருப்பிலிருந்து குப்பை வண்டி மூன்றாவது நாளாக வெறுமனே திரும்பிப் போனது. மக்கும் குப்பையும் மக்காத குப்பையும் கலந்து கிடந்தால் எடுக்க மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். நாற்றம் நான்காம் மாடிவரை ஏறியது.

விஜயகுமாரிக்குப் பொறுக்கவில்லை. மதுராந்தகத்துக்காரி, மூன்று வருடம் ஜெர்மனியில் வேலை பார்த்துவிட்டு வந்தவள். அங்கே காகிதம் தனி, கண்ணாடி தனி என்று தன் கையாலேயே பிரித்துப் போட்டவள். குடியிருப்போரின் வாட்ஸ்அப் குழுவில் எழுதினாள்: "துப்புரவு வேலைக்கு வருகிறவர்களுக்குப் படிப்பும் இல்லை, பொறுப்பும் இல்லை. ராஜத்தை மாற்றுங்கள்."

மாலையில் மேலாளர் வரதன் அவளைக் குப்பை அறைக்கு அழைத்தார். அங்கே, அவர் வரச்சொல்லியிருந்த ராஜம் நின்றிருந்தாள். வலது கையில் பெரிய கட்டு.

"நீ ஒழுங்கா பிரிச்சிருந்தா இந்த நிலைமை வருமா?" என்றாள் விஜயகுமாரி.

"மூணு நாளா நான் லீவும்மா. கண்ணாடி கிழிச்சு ஆறு தையலு. தெனம் நூத்தியிருவது வூட்டுப் பையையும் கைய வுட்டு நான்தான் பிரிப்பேன். நான் வர்ல. அதான் உங்க குப்ப நீங்க போட்டபடியே கீது."

வரதன் ஓரமாக எடுத்து வைத்திருந்த ஒரு பையைப் பிரிக்கப் போனார். "வுடுங்க சார், இன்னாத்துக்கு அது?" என்று ராஜம் தடுத்தாள். அவர் கேட்கவில்லை. புளித்த சோறு, சுற்றாமல் போட்ட நாப்கின், நடுவே உடைந்த காபி பாட்டில். அதன் மேல் ஜெர்மன் எழுத்து. பையின் விளிம்பில் காய்ந்த ரத்தம்.

அந்தக் காபி அந்தக் கட்டடத்தில் ஒரே வீட்டில்தான் உண்டு. விஜயகுமாரிக்குத் தலை நிமிரவில்லை.

"அன்னிக்கே ஏன் சொல்லல?"

"சொன்னா இன்னா ஆவும்? பாத்து எடுக்கத் தெரியாதாடின்னு என்னியத்தான் கேப்பாங்க." ராஜம் சற்றுத் தயங்கினாள். "அந்த ஊர்ல நீங்களே பிரிப்பீங்களாமே. இங்க மட்டும் ஏம்மா?"

குத்திக்காட்டிக் கேட்கவில்லை, தெரியாமல்தான் கேட்டாள். அதனாலேயே அது சுட்டது. ஜெர்மனியில் ஒருமுறை விஜயகுமாரி குப்பையைக் கலந்து போட்டபோது பக்கத்து வீட்டுக்காரி பையோடு வந்து கதவைத் தட்டினாள். அந்த வெட்கத்தில் திருந்தியவள் இவள். இங்கே யாரும் கதவைத் தட்ட மாட்டார்கள் என்பது அவளுக்குத் தெரிந்திருந்தது.

"மன்னிச்சிடுங்க ராஜம்மா" என்றாள். முதல்முறையாக மரியாதை வந்தது. அங்கேயே நின்று குழுவில் எழுதினாள்:

"குப்பையைக் கலந்தவர் ராஜம் இல்லை, நான். அவர் கையைக் கிழித்ததும் என் வீட்டுக் கண்ணாடிதான். ஜெர்மனியில் எனக்குப் பின்னால் குனிந்து அள்ள ஆள் இல்லை, அதனால் ஒழுங்காக இருந்தேன். இங்கே ஆள் உண்டு, அதனால் மறந்தேன். நமக்காக இன்னொருத்தி குனிவாள் என்ற நினைப்பு போகாதவரை, எந்த நாட்டுக்குப் போய் வந்தாலும் நாம் சுத்தமானவர்கள் இல்லை."