வண்டி பன்னிரண்டு நிமிடம் நிற்கும்

இருபத்திரண்டு வருஷமாக ரயில்வே ஸ்டேஷனின் விசாரணைக் கவுண்டரில் உட்கார்ந்திருக்கிறேன். கழிப்பறை எங்கே, பெட்டிகளை எந்த அறையில் வைக்கலாம், சக்கர நாற்காலிக்கு யாரிடம் சொல்ல வேண்டும், வண்டி எந்த பிளாட்பாரம் என்று எதைக் கேட்டாலும் தலை நிமிராமல் சொல்வேன். பெரிய போர்டுக்கு நேர் அடியில் நின்றுகொண்டு கேட்பவர்களிடம் மட்டும் என் வாய் சும்மா இருக்காது. "கண்ணு முன்னாடி போர்டு இருக்கு, கொஞ்சம் நிமிர்ந்து பாக்கக் கூடாதா?" என்பேன். புகார்ப் புத்தகத்தில் என்னைப் பற்றி எழுதியிருப்பதில் பாதி இந்த வாக்கியம்தான்.

ஜனங்களைச் சொல்லியும் குற்றமில்லை. எங்கள் ஸ்டேஷனை ஒரே மூச்சில் கட்டவில்லை. முதலில் வாசலை ஒட்டி ஒன்று, இரண்டு. பல வருஷம் கழித்து, சரக்குக் கிடங்குக்கு அப்பால் கடைக்கோடியில் மூன்று, நான்கு. அப்புறம் கிடங்கை இடித்துவிட்டு அந்த நடு இடத்தில் ஐந்து, ஆறு. ஆக, வாசலிலிருந்து நடந்தால் இரண்டுக்கு அடுத்து ஐந்து வரும், ஆறுக்கு அடுத்து மூன்று வரும். எண்ணத் தெரியாதவன் போட்ட கணக்கு. போன திங்கட்கிழமைதான் மேலிடத்துக்குப் புத்தி வந்து, வாசலிலிருந்து வரிசையாக எண்ணை மாற்றிப் புது போர்டு மாட்டினார்கள். கடைசியில் இருந்த நான்கு இப்போது ஆறு. நடுவில் இருந்த ஆறு இப்போது நான்கு. இதைச் சொல்லிச் சொல்லி நாலு நாளில் என் தொண்டை கட்டிவிட்டது.

இந்தக் கூத்துக்கு நடுவில்தான் அக்கா மகளிடமிருந்து மெசேஜ் வந்தது. "சித்தி, அம்மா வெள்ளிக்கிழமை உங்க ஸ்டேஷன் வழியா போறாங்க. அதே வண்டியில கடைசி வரைக்கும் போய் ஏர்போர்ட், அப்புறம் அண்ணன்கூட வெளிநாட்டுலயே இருக்கப் போறாங்க. உங்க ஸ்டேஷன்ல இன்ஜின் மாத்துவாங்களாமே, பன்னிரண்டு நிமிஷம் நிக்குமாம். முடிஞ்சா பாருங்க." வருவேன் என்று அக்காவிடம் சொல்லச் சொல்லிப் பதில் போட்டேன்.

அக்கா என்னோடு பேசி ஆறு வருஷம் ஆகிறது. எங்கள் அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது அவள் போனில் கேட்டாள், உடனே கிளம்பி வரட்டுமா என்று. "பயப்படாதே, ரெண்டு நாள் கழிச்சு வா போதும்" என்றேன். அம்மா மறுநாள் விடிகாலையில் போய்விட்டாள். வந்து இறங்கிய அக்கா அழவில்லை. "ஊர்ல இருக்கிற அத்தனை பேருக்கும் நிமிஷம் பிசகாம சொல்ற. எனக்கு மட்டும் தப்பா சொல்லிட்டல்ல?" என்றாள். டாக்டர் ஒன்றுமே சொல்லவில்லை என்று நான் சாதித்தேன். அது பொய். முதல் நாள் சாயங்காலமே அவர் சொல்லிவிட்டார். அந்தப் பொய்யை அவள் முகத்தைப் பார்த்து ஒப்புக்கொள்ள எனக்கு இனி இந்தப் பன்னிரண்டு நிமிடம்தான்.

வெள்ளிக்கிழமை காலை பத்தரைக்குப் பக்கத்து ஜன்னல்காரியிடம் கவுண்டரை ஒப்படைத்துவிட்டு எழுந்தேன். பத்து நாற்பதுக்கு வண்டி, ஆறாவது பிளாட்பாரம். சார்ட்டைப் பார்த்தேன், ஒலிபெருக்கியும் ஆறு என்றது. என்னென்ன சொல்ல வேண்டும், எதை முதலில் சொல்ல வேண்டும் என்று மனசுக்குள் ஓட்டிப் பார்த்துக்கொண்டே நடந்தேன். போய் நின்றேன்.

வண்டி சொன்ன நேரத்துக்கு வந்தது. ஆனால் என் பக்கம் வரவில்லை. எதிரே இருந்த பிளாட்பாரத்துக்கு அந்தப் பக்கமாகப் போய் நின்றது. கூட்டத்தோடு அக்கா இறங்கினாள். தலை நன்றாக நரைத்திருந்தது. அங்கும் இங்கும் பார்த்தாள், யாரையும் காணோம் என்று அவள் முகம் இறுகுவது எனக்குத் தெரிந்தது.

"அக்கா!" என்று கட்டிய தொண்டையால் கத்தினேன். எங்களுக்கு நடுவில் இரண்டு தண்டவாளம்.

அவள் திரும்பினாள். பிளாட்பாரத்தைக் குறுக்கே கடந்து என் எதிரே வந்து நின்றாள். "நீ அங்க என்னடி பண்ற?"

"இதுதானே ஆறு..." என்றேன். என் பக்கத்தில் தலையிலிருந்து பெட்டியை இறக்கி வைத்துக்கொண்டிருந்த போர்ட்டர் சிரித்துவிட்டார். "மேடம், கண்ணு முன்னாடி போர்டு இருக்கு. கொஞ்சம் நிமிர்ந்து பாக்கக் கூடாதா?"

நிமிர்ந்தேன். தலைக்கு மேல், ஒரு ஆள் உயரத்துக்கு, நான்கு. பழைய ஆறில் வந்து நின்றிருக்கிறேன். வாய் நாலு நாளில் கற்றுக்கொண்டதைக் கால் கற்றுக்கொள்ளவில்லை. எனக்கு வந்த அவமானத்தில் தண்டவாளத்தில் குதித்தே கடந்திருப்பேன். "அங்கேயே இரு, வரேன்!" என்று கத்திவிட்டு மேம்பாலத்துக்கு ஓடினேன்.

ஏறுவதற்கு முப்பத்தெட்டுப் படி, இறங்குவதற்கு முப்பத்தெட்டு. எதிரே வந்த அத்தனை பேரையும் இடித்துக்கொண்டு போனேன். அந்தப் பக்கம் இறங்கும்போது, பாதிப் படியில் முழங்காலைப் பிடித்துக்கொண்டு அக்கா உட்கார்ந்திருந்தாள். நான் வரும்வரை கீழே காத்திருக்காமல் ஏறியிருக்கிறாள்.

"எதுக்குக்கா ஏறின? அதான் வரேன்னு சொன்னேன்ல?"

"நீ சொன்னா?" என்றாள். அவ்வளவுதான். மனசுக்குள் அடுக்கி வைத்ததெல்லாம் போயே போய்விட்டது.

அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். "டாக்டர் அன்னைக்கு சாயங்காலமே சொல்லிட்டார்க்கா. கூப்பிட வேண்டியவங்களைக் கூப்பிடுங்கன்னு. உன்னை வான்னு சொன்னா அம்மா நிஜமாவே போயிடுவாங்கன்னு எனக்குப் பயம். அதான் ரெண்டு நாள்னு சொன்னேன். தப்பு என் மேலதான். என்னை மன்னிச்சிரு."

இறங்கிக்கொண்டிருந்த ஒருவர், வழியில் உட்கார்ந்து கதை பேசுகிறோம் என்று எங்களைத் திட்டிவிட்டுப் போனார்.

"ஆறு வருஷம்டி," என்றாள் கடைசியில். "ஒரு வாட்டி பாத்திருப்பேன் அவளை. ஒரே ஒரு வாட்டி." முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டாள். அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். அவள் உதறவில்லை.

ஒலிபெருக்கி அலறியது. வண்டி புறப்படத் தயாராக இருக்கிறது, பயணிகள் ஏறிக்கொள்ளவும். எங்கள் இரண்டு பக்கமும் ஜனங்கள் பெட்டியும் பையுமாக விழுந்தடித்து இறங்கினார்கள்.

அக்கா அவர்களைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். "இன்னும் எவ்வளவு நேரம் இருக்கு?"

"நாலு நிமிஷம்."

"சரியா சொல்லு."

"நாலு நிமிஷம் இருக்குக்கா. உன் கோச் இந்தப் படிக்குக் கீழேயே நிக்குது."

"அப்ப உக்காரு," என்றாள். அம்மா கடைசியாக என்ன சாப்பிட்டாள், என்ன பேசினாள், யாரைக் கேட்டாள் என்று ஒவ்வொன்றாக விசாரித்தாள். எல்லாவற்றையும் சொன்னேன். உன்னைத்தான் கேட்டாள் என்பதையும் சொன்னேன்.

அவள் மணிக்கட்டில் வாட்ச் இருந்தது. எதிரே பெரிய கடிகாரமும் தொங்கியது. இரண்டையும் அவள் திரும்பிப் பார்க்கவில்லை. "இப்ப கிளம்பு" என்று நான் சொன்ன பிறகுதான் எழுந்தாள்.