தெய்வசிகாமணி என்கிற லாந்தர்

கள்ளக்குறிச்சியிலிருந்து வெள்ளிமலைக்கு மறுபடியும் பஸ் விட ஆரம்பித்து அன்றைக்கு இரண்டாவது நாள். எண்பத்தேழாம் வருஷம், புரட்டாசி மாதம். இட ஒதுக்கீடு கேட்டுச் சாதிச் சங்கம் நடத்திய ஒரு வாரச் சாலை மறியல் முடிந்திருந்தது. ரோட்டோரப் புளியமரங்களை வெட்டிக் குறுக்கே சாய்த்துப் போட்டிருந்தார்கள். அந்த மரங்களை எல்லாம் அப்புறப்படுத்தியாகிவிட்டது. இப்போது ஆட்களை அப்புறப்படுத்தும் வேலை நடந்துகொண்டிருந்தது.

சின்னப்பொண்ணு பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். மடியில் ஐந்து வயது மகள் மணிமொழி தூங்கிக்கொண்டிருந்தது. நாலு வரிசை பின்னால், ஆண்கள் பக்கம், அவள் புருஷன் தெய்வசிகாமணி. அவன் மடியில் ஒரு மஞ்சள் பை, பைக்குள் ரேஷன் கார்டு. மலையில் ஆண்டி என்று ஒருவர், மாடு வாங்கி விற்ற வகையில் அவனுக்குப் பழக்கம். சாமை அறுப்புக்கு ஆள் வேண்டும், குடும்பத்தோடு வா என்று சொல்லி அனுப்பியிருந்தார். அறுப்பு ஒரு சாக்குதான். அடிவாரத்தைத் தாண்டி மலை ஏறிவிட்டால் தப்பித்த மாதிரி.

ஒரு விஷயம் மட்டும் அவர்களுக்குச் சாதகமாக இருந்தது. போலீஸ் தேடியது தெய்வசிகாமணியை அல்ல. லாந்தரை.

லாந்தர் என்ற பேர் முதலில் சின்னப்பொண்ணுவின் மாமனார் பாவாடைக்கு வந்தது. விடியும் முன்னே லாந்தரைத் தூக்கிக்கொண்டு சந்தைக்கு மாடு பிடிக்கப் போன மனுஷர், விலை படியாத கடுப்பில் தனக்குள்ளேயே திட்டிக்கொண்டு நடு மத்தியானம் ஊர் திரும்பினார். கையில் லாந்தர் இன்னும் எரிந்துகொண்டிருந்தது. ஏரிக்கரையில் துணி துவைத்துக்கொண்டிருந்த ஜெயம்மாள் சும்மா இருக்காமல், "இன்னா மாமா, சூரியன் எங்க கீதுன்னு தேடறியா?" என்று கேட்டுவிட்டாள். சாயங்காலத்துக்குள் களமருதூர் முழுக்கப் பேர் பரவிவிட்டது. முதல் வருஷம், அப்படிக் கூப்பிட்டவர்களைக் கல்லால் அடித்தார். கோபப்பட்டால் பட்டப்பேர் போய்விடுமா? இன்னும் கெட்டியாக ஒட்டும். இரண்டாம் வருஷம் முறைப்போடு நிறுத்திக்கொண்டார். மூன்றாம் வருஷம் யாராவது "லாந்தரே" என்றால் "இன்னா" என்றார். அவர் கண்ணை மூடியதும் நல்ல பேர் வீணாகப் போக வேண்டாமென்று ஊர் அதை மகன் தலையில் வைத்தது. பள்ளிக்கூட ரிஜிஸ்தர், ரேஷன் கார்டு, கல்யாணப் பத்திரிகை, இந்த மூன்று இடத்தில்தான் அவன் தெய்வசிகாமணி. மற்ற இடத்தில் எல்லாம் லாந்தர்தான்.

அந்தப் பேர் போலீஸ் பட்டியலுக்குப் போனது மறியலின் நாலாம் நாள். எலவனாசூர்கோட்டை ரோட்டில் ஒரு போலீஸ் ஜீப்பின் கண்ணாடி உடைந்தது. கல்லை எறிந்தவன் யாரோ. தெய்வசிகாமணி அப்போது சாய்ந்த மரத்துக்கு அந்தப் பக்கம் குனிந்து கிளை கழித்துக்கொண்டிருந்தான். தடியடி தொடங்கியதும் அவன் பங்காளி முனியன் அக்கறையில்தான் தொண்டை கிழியக் கத்தினான்: "லாந்தரு, ஓடுடா." அந்தக் கூச்சலில் போலீஸ்காரர்களின் காதில் தெளிவாக விழுந்த ஒரே பேர் அதுதான். எழுதிக்கொண்டார்கள். அதன் பிறகு ஊரில் பிடிபட்ட மூன்று பேரில் இரண்டு பேர் கை கால் வீங்கித் திரும்பி வந்தார்கள். மூன்றாவது ஆள் எந்த ஜெயிலில் இருக்கிறான் என்றே இன்னும் தெரியவில்லை. சின்னப்பொண்ணுவுக்குப் பத்து நாளாகச் சோறு இறங்கவில்லை.

காலையில் புறப்படும்போது தெய்வசிகாமணி அவளை நிறுத்தி வைத்துச் சொன்னான். "வழியில எவனாச்சும் உன் புருசன் பேரு இன்னான்னு கேட்டா, டக்குனு கார்டுல கீற பேரச் சொல்லிடணும். எங்க, ஒரு வாட்டி சொல்லு பாப்பம்."

கல்யாணமாகி எட்டு வருஷம். ஒருநாளும் அவள் புருஷன் பேரைச் சொன்னதில்லை. அவர்கள் பக்கத்தில் பெண்கள் சொல்லமாட்டார்கள். ஆஸ்பத்திரியில் கேட்டாலும் ரேஷன் கடையில் கேட்டாலும் அவள் சிரித்துக்கொண்டு நிற்பாள். கூட வந்தவர்களோ வரிசையில் நிற்கிறவர்களோ அவளுக்காகச் சொல்லிவிடுவார்கள். அவளும் அப்படி எத்தனையோ பெண்களுக்குச் சொல்லியிருக்கிறாள். இப்போது வாயைத் திறந்தாள். "தெய்வ" வரைக்கும் வந்தது. அதற்கு மேல் நாக்கு எழும்பவில்லை.

"உங்க ஆயுசு கொறஞ்சிடும்ங்க," என்றாள்.

"சொல்லலன்னாதான் கொறையும்," என்றான் அவன்.

பஸ்ஸில் அவள் அதைத்தான் உதட்டுக்குள் பழகிக்கொண்டு வந்தாள். பாதி வழியில் ஏறிய ராணியம்மாள் நேராக அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தபோது பகீரென்றது. ராணியம்மாள் பக்கத்து ஊர். மலைக்குப் போய்ப் புளியும் கடுக்காயும் வாங்கி வந்து கீழே விற்கிறவள். இந்தச் சுற்றுவட்டாரத்தில் அவளுக்குத் தெரியாத குடும்பம் கிடையாது. வாய் ஓயாதவள், ஆனால் மனசில் கள்ளம் இல்லாதவள். அது இன்னும் பயம்.

"இன்னாம்மா, கொயந்தைய இட்டுக்கினு மலைக்கா? இந்த ரகளையிலயா?"

"அறுப்புக்குங்க அக்கா," என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அடிவாரத்தில் பஸ் நின்றது. ரோட்டில் போலீஸ் வேன், ஜன்னலுக்குக் கம்பி வலை போட்டது. வேப்பமரத்தடியில் ஒரு மேசை, மேசைக்குப் பின்னால் ஓர் இன்ஸ்பெக்டர், பக்கத்தில் நோட்டோடு ஒரு ஏட்டு. இரண்டு பேரும் தெற்கேயிருந்து வரவழைக்கப்பட்டவர்கள் என்று பேச்சிலேயே தெரிந்தது. எல்லோரையும் இறங்கச் சொன்னார்கள். ஆண்களை பஸ்ஸுக்கு அந்தப் பக்கம் நிறுத்தினார்கள், பெண்களை மேசைக்கு முன்னால். அந்த இன்ஸ்பெக்டர் விவரமானவர். பெண்களிடம் முதலில் கேட்டுவிட்டுப் பிறகு ஆண்களிடம் ஒப்பிட்டுப் பார்ப்பது அவர் வழி. அந்த வழியிலேயே காலையில் வந்த வண்டியில் மூன்று பேரைப் பிடித்து வேனில் உட்கார வைத்திருந்தார்.

"இந்த ஊர்க்காரனுக எவனுக்கும் ஒழுங்கா ஒரு பேர் கிடையாது போல," என்று பட்டியலைப் பார்த்து ஏட்டிடம் சலித்துக்கொண்டார். "கட்டவண்டிங்கறான், ஆறுவெரலுங்கறான், லாந்தருங்கறான். இதை வச்சுக்கிட்டு யாரைன்னு தேடுறது?"

சின்னப்பொண்ணுவின் முறை வந்தது. குழந்தை அவள் தோளில் கனத்தது.

"எந்த ஊரும்மா?"

"களமருதூருங்க."

இன்ஸ்பெக்டர் நிமிர்ந்து பார்த்தார். "கூட யாரு வந்திருக்கா?"

"வூட்டுக்காரருங்க."

"அவர் பேர் என்ன?"

வழியெல்லாம் பழகிய பேர் தொண்டையில் வந்து நின்றது. சொல்லிவிடு, சொல்லிவிடு என்று மனசு அடித்துக்கொண்டது. நாக்கோ எட்டு வருஷப் பழக்கத்தில் மேலண்ணத்தோடு ஒட்டிக்கொண்டது. ஒரு விநாடிதான் தாமதம். அந்த ஒரு விநாடி போதுமே ராணியம்மாளுக்கு.

"பொம்பள எப்டிங்க சார் புருசன் பேரச் சொல்லும்?" என்று பின்னாலிருந்து முன்னால் வந்தாள். "நான் சொல்றேன். இது நம்ம களமருதூரு லாந்தரு மருமவ."

சொல்லி முடித்த பிறகுதான் தன்னையே எல்லோரும் பார்க்கிறார்கள் என்பது ராணியம்மாளுக்கு உறைத்தது. ஏட்டின் பேனா நின்றுவிட்டது.

பயம் முற்றும்போது சில பேருக்கு நாக்கு அவிழும். "மருமவதாங்க சார்," என்றாள் சின்னப்பொண்ணு. "லாந்தருன்னா எங்க மாமனாரு. அவரு செத்து ரெண்டு வருசம் ஆவுது. எங்க வூட்டுக்காரரு பேரு தெய்வசிகாமணி."

வந்துவிட்டது. முழுசாக, ஓர் எழுத்தும் சிதையாமல். பின்னால் நின்ற பெண்கள் வாயில் கை வைத்தார்கள். சின்னப்பொண்ணுவுக்கு நடுரோட்டில் புடவை அவிழ்ந்த மாதிரி இருந்தது, முகமெல்லாம் சூடேறியது.

"ஆமாங்க சார்," என்றாள் ராணியம்மாள் அவசரமாக, குரல் உடைந்து. "கெய்வனத்தான் அப்டிக் கூப்டுவாங்க. பாவம், நல்ல மனுசன், போய்ச் சேந்துட்டாரு."

இன்ஸ்பெக்டர் தெய்வசிகாமணியை அழைத்துவரச் சொன்னார். பேர் கேட்டார், சொன்னான். ரேஷன் கார்டை வாங்கிப் பார்த்தார். தெய்வசிகாமணி, தகப்பனார் பாவாடை. கார்டும் சரி, சம்சாரம் சொன்னதும் சரி.

"லாந்தர்னு உன்னை யாரும் கூப்பிட மாட்டாங்களா?"

"அப்பாவக் கூப்டுவாங்க சார்."

இன்ஸ்பெக்டர் கார்டைத் திருப்பிக் கொடுத்தார். "சரி, ஏறுங்க."

பஸ் இருபது அடி தூரத்தில் நின்றது. தெய்வசிகாமணி முன்னால் நடந்தான், நாலடி பின்னால் குழந்தையோடு அவள். ஓடக்கூடாது என்று காலுக்குச் சொல்லிக்கொண்டே நடந்தாள். கண்டக்டர் படியோரம் நின்று வெற்றிலை மென்றுகொண்டிருந்தார்.

"லாந்தரு," என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. அதட்டல் இல்லை, எதிர்வீட்டுக்காரன் கூப்பிடுகிற மாதிரி சாதாரணமாக.

தெய்வசிகாமணி திரும்பவில்லை. அவன் கழுத்து நரம்பு விறைத்ததை அவள் பார்த்தாள். திரும்பாதே, என் சாமி, திரும்பாதே என்று அவன் முதுகையே பார்த்துக்கொண்டு நடந்தாள். இன்னும் பத்தடி. இன்னும் ஐந்து. அவன் கம்பியைப் பிடித்து ஒரு காலைப் படியில் வைத்துவிட்டான். அவளுக்கு மூச்சு வந்தது.

"லாந்தரு பொண்டாட்டி."

"இன்னாங்க," என்று அவள் திரும்பினாள்.

திரும்பின பிறகுதான் தெரிந்தது. மாமனார் மறைந்த நாளிலிருந்து களமருதூரில் அவளை யாரும் சின்னப்பொண்ணு என்று கூப்பிட்டது கிடையாது. நடவுக்கு ஆள் கூப்பிடுகிறவர்களும் குழாயடியில் சண்டை பிடிக்கிறவர்களும் அந்த ஒரு பேரைத்தான் சொல்வார்கள். புருஷன் திரும்பிவிடக்கூடாதே என்று அவனுக்குக் காவல் இருந்தவள், தனக்குக் காவல் வைக்க மறந்துவிட்டாள்.

இன்ஸ்பெக்டர் மேசையிலிருந்து எழுந்து நின்றுகொண்டிருந்தார். அவர் முகத்தில் சந்தோஷம்கூட இல்லை. "மாமனார்தான் லாந்தர்னா நீ லாந்தர் மருமக. பொண்டாட்டின்னா ஏம்மா திரும்புற?" என்றார்.

இரண்டு போலீஸ்காரர்கள் அவளை நோக்கி வந்தார்கள். குழந்தை விழித்துக்கொண்டு அழ ஆரம்பித்தது. பஸ்ஸுக்கு அந்தப் பக்கம் பத்தடி போனால் புதர்க்காடு, அதன் பிறகு மலை. ஓடியிருந்தால் அவனைப் பிடித்திருக்க முடியாது. தெய்வசிகாமணி படியில் வைத்த காலை எடுத்தான்.

"பொம்பளயத் தொடாதீங்க சார்," என்றான் திரும்பி நடந்து வந்துகொண்டே. "நான்தான் லாந்தரு. கல்லு எறிஞ்சது நான் இல்ல. மரம் வெட்டனது நான்தான்."

ஏட்டு நோட்டைப் பிரித்து, சொல்லிக்கொண்டே எழுதினார். "தெய்வசிகாமணி என்கிற லாந்தர், தகப்பனார் பாவாடை, களமருதூர்." எழுதி முடித்துவிட்டு, "இத்தனை நாளா பாதிப் பேர்தான் இருந்துச்சுங்கய்யா. இப்பதான் முழுசாச்சு," என்றார்.

அந்த மீதிப் பாதியைக் கொடுத்தது தான்தான் என்பது சின்னப்பொண்ணுவுக்கு விளங்கியது. எட்டு வருஷம் வாயில் வைக்காமல் காத்த பேர். முதல் தடவை வெளியே வந்து நேராகப் போலீஸ் நோட்டில் போய் உட்கார்ந்துகொண்டது. அவளுக்குத் தன் மேலேயே ஆத்திரமாக வந்தது. ராணியம்மாள் ரோட்டோரம் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். அவளைத் திட்டக்கூட இவளுக்குத் தெம்பில்லை.

தெய்வசிகாமணியை வேனில் ஏற்றினார்கள். மஞ்சள் பையையும் கார்டையும் ஏட்டு வைத்துக்கொண்டார். இந்தப் பக்கம் கண்டக்டர், "ஏம்மா, ஏறுறியா இல்லியா?" என்று கேட்டார். ஆண்டியின் வீடு மலையில் எந்த ஊர் என்றுகூட அவளுக்குத் தெரியாது, அவனுக்குத்தான் தெரியும். மேலே போவதா, கீழே போவதா? கேட்டுவிட வேண்டும். குழந்தையைத் தூக்கிக்கொண்டு வேனிடம் ஓடினாள். வலைக்குப் பின்னால் நாலு முதுகுகள் தெரிந்தன. காலையில் பிடிபட்டவர்களின் பெண்டாட்டிமார்கள் வெயிலில் காத்துக் கிடந்தவர்கள், வேன் உறுமியதும் "ஏங்க, ஏங்க" என்று சேர்ந்து கத்தினார்கள். அந்தச் சத்தத்தில் இவளுடைய "ஏங்க" கரைந்துபோனது.

"தெய்வசிகாமணி," என்று கூப்பிட்டாள்.

அவன் திரும்பவில்லை. அந்தப் பேரைச் சொல்லி அந்தக் குரல் அவனைக் கூப்பிட்டதே கிடையாது. வேறு யாரையோ யாரோ கூப்பிடுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். வேன் நகர்ந்தது.

"லாந்தரு," என்று கத்தினாள்.

சட்டென்று திரும்பினான். அவளைப் பார்த்துவிட்டு வலையைப் பிடித்துக்கொண்டு எழுந்தான்.

"மலைக்கா, வூட்டுக்கா?" என்று கேட்டுக்கொண்டே கூட ஓடினாள்.

"வூட்டுக்குப் போ," என்றான். "சங்கத்துல சொல்லு, வக்கீலு அனுப்புவாங்க. அவரு லாந்தரு வூடு எதுன்னு கேட்டுக்கினுதான் வருவாரு. நீ பாட்டுக்கு பயந்துக்கினு, அது நாங்க இல்லன்னு சொல்லிடாத."